வீட்டு இணைப்பின் மீது டிடாஸ் தாக்குதல் (தரவைக் கொட்டி இணைப்பை முடக்குவது) நடக்கிறதா? கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

தேயிலைச்சரிவு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் டானிங்டன் பக்கம் குடியிருக்கிறேன். பகலில் ஒரு பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை, வளைகுடா நாடுகளில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் ஆறு பேருக்கு இணையவழியில் பாடம் நடத்துகிறேன். உள்ளூர்க் கேபிள் நிறுவனம் ஒன்றின் ஃபைபர் இணைப்பு. பதிவேற்றம், பதிவிறக்கம் இரண்டும் 40 எம்பிபிஎஸ்.

மூன்று வாரங்களாக ஒரு வகுப்பைக்கூட முழுதாக முடிக்க இயலவில்லை. பிள்ளைகள் பேசுவது எனக்கு ஓரளவு கேட்கிறது. ஆனால் நான் பலகையில் எழுதும் வரி அவர்களுக்கு அரை நிமிடம் கழித்துத்தான் போய்ச் சேருகிறது. சில நாள்களில் போய்ச் சேருவதே இல்லை. நிறுவனத்தைக் கேட்டால், "லைன் சரியாக இருக்கிறது, பெரிய பிளானுக்கு மாறுங்கள்" என்கிறார்கள்.

இதற்கிடையில் இரண்டு செய்திகள் என்னைக் கலங்க வைத்தன. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் கைப்பேசியில் பிஜிஎம்ஐ விளையாடிக்கொண்டிருந்தபோது, எதிரணியில் இருந்த ஒருவன், "உன் நெட்டை அடித்துத் தூக்கிவிடுவேன்" என்று மிரட்டியிருக்கிறான். அதைக் கேட்டபின் ரூட்டரின் பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். "டாஸ் அட்டாக்: போர்ட் ஸ்கேன்" என்று நிமிடத்துக்கு இரண்டு மூன்று வரிகள், வெவ்வேறு முகவரிகளிலிருந்து வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன.

பயன்படுமானால் வேறு சில விவரங்களையும் தருகிறேன். இந்த வீடு டொரண்டோவில் இருக்கும் என் பெரியப்பா மகனுக்குச் சொந்தமானது. அண்ணன் அங்கிருந்தே வீட்டைப் பார்த்துக்கொள்வதற்காக நான்கு கேமராக்களும் காட்சிகளைப் பதியும் ஒரு டிவிஆரும் பொருத்தியிருக்கிறார். அதற்காகவே மாதம் கூடுதல் பணம் கட்டி நிலையான ஐபி முகவரி வாங்கியிருக்கிறோம். ரூட்டர் ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் ஓடுவதால் மின்சாரம் போனாலும் அணைவதில்லை. இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. மின்சாரம் போய்த் திரும்பிய பிறகு சிறிது நேரம் இணைப்பு மிக நன்றாக இருக்கிறது. ஊரே ஒருமுறை அணைந்து எழுவதால் நெரிசல் குறைகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். ரூட்டரை நானாக அணைத்துப் போட்டால் அப்படி எதுவும் நடப்பதில்லை.

என் கேள்வி இதுதான்: இது தாக்குதல்தானா? ஆம் என்றால், கடைக்காரர் சொல்கிறபடி பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்துத் தனி ஃபயர்வால் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தால் தடுக்க முடியுமா?

மஞ்சூர் மேகம்

ரூட்டர் அமைப்பில் "டாஸ் பாதுகாப்பு" என்று ஒரு பெட்டி இருக்கும். அதைத் தேர்வு செய்து சேமித்துவிட்டால் தாக்குதல் எதுவும் உள்ளே வராது. பெட்டி வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

பழைய லைன்மேன், குன்னூர்

அம்மா, வணக்கம். தொலைபேசித் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கம்பத்தில் ஏறி இறங்கி ஓய்வு பெற்றவன் நான். ஆகையால் எதற்கும் முதலில் கம்பியைத்தான் சந்தேகிப்பேன். நம் மலையில் சில்வர் ஓக் கிளை விழுந்தும், காட்டெருமை வேலியை முட்டும்போது வேலியோடு கேபிளும் சேர்ந்து போயும் இணைப்பு அறுந்ததைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். யாரோ எங்கிருந்தோ தாக்கி அறுந்ததைப் பார்த்ததில்லை. எனவே தாக்குதல் என்று முடிவு கட்டும் முன் இரண்டு அளவுகளை எடுத்துவிடுங்கள்.

முதலாவது, ஒளியின் அளவு. ஃபைபர் வந்து சேரும் பெட்டியின் நிலைப் பக்கத்தில் "ஆர்எக்ஸ் பவர்" என்று டிபிஎம் கணக்கில் ஓர் எண் இருக்கும். அது மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையில் இருக்க வேண்டும். மைனஸுக்குப் பின்னால் வரும் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்குகிறது என்று கொள்ளுங்கள். மூன்று கூடினால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். மூடுபனி இறங்கினால் நெட் போகும் என்று இங்கே பலரும் சொல்வார்கள். கண்ணாடி இழைக்குள் பனி புகாது. ஜாயிண்ட் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கினாலோ, இழை எங்காவது சுருக்கென்று மடங்கி நின்றாலோதான் ஒளி குறையும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கோத்தகிரிப் பக்கம் இது அடிக்கடி நடக்கும்.

இரண்டாவது, மூன்று இடங்களுக்குப் பிங் (போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சிறு செய்தி) அனுப்பிப் பார்ப்பது. ரூட்டருக்கு, அதாவது பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரிக்கு, முதலில் அனுப்புங்கள். அங்கேயே தடுமாறினால் குறை உங்கள் வைஃபையில் இருக்கிறது. வெளியே தேட வேண்டியதில்லை. அது சீராக இருந்தால், நிறுவனத்தின் முதல் கணுவுக்கு அனுப்புங்கள். வழியில் உள்ள கணுக்களைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையைப் போட்டால் இரண்டாவது வரியில் தெரியும் முகவரி அது. கடைசியாக 8.8.8.8-க்கு, அதாவது கூகுளின் பொது சர்வருக்கு, அனுப்புங்கள். எந்த இடத்தில் நேரம் திடீரென்று கூடுகிறதோ, அதற்கு முந்தைய துண்டில்தான் கோளாறு. மூன்றையும் இணைப்பு நன்றாக இருக்கும் நேரத்தில் ஒருமுறையும், கெட்டிருக்கும் நேரத்தில் ஒருமுறையும் எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். நல்ல நேரத்து எண் இல்லாமல் கெட்ட நேரத்து எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

கூடலூர்க்காரன்

டீச்சர், கோவையில் ஒரு நிறுவனத்தின் வலையமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பெரியவர் சொன்ன இரண்டு அளவுகளையும் அவசியம் எடுங்கள். மஞ்சூர் நண்பர் சொன்னதை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த இடத்தில்தான் பலரும் பணத்தையும் காலத்தையும் இழக்கிறார்கள்.

வெளியிலிருந்து ஒரு வீட்டு இணைப்பை முடக்குகிறவன் ரூட்டரை உடைத்து உள்ளே வருவதில்லை. உங்கள் கம்பி கொள்ளும் அளவைவிட அதிகமான தரவை உங்கள் முகவரிக்கு அனுப்பி வைக்கிறான், அவ்வளவுதான். 40 எம்பிபிஎஸ் கொள்ளும் பாதையில் 400 எம்பிபிஎஸ் வந்து மோதினால், நெரிசல் நிறுவனத்தின் பக்கத்திலேயே உண்டாகிவிடுகிறது. உங்கள் ரூட்டரோ, பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டியோ ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது தரவுத் துண்டையும், சரியாக அடையாளம் கண்டு குப்பையில் போட்டாலும், அந்தப் பாக்கெட் ஏற்கெனவே பாதையில் இடத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டது. 2024 மே 7 முதல் நம் மாவட்டத்துக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்களே, அதை அடிவாரச் சோதனைச் சாவடிகளில் பார்க்கிறார்கள். ஊட்டி ஏரி வாசலில் நின்று பார்ப்பதில்லை. வண்டிகள் கொண்டை ஊசி வளைவுகளை அடைத்துக்கொண்டு நின்ற பிறகு ஏரி வாசலில் நின்று திருப்பி அனுப்பி என்ன பயன்? இதுவும் அதைப் போன்றதே. பெருவெள்ளமாக வரும் தாக்குதலை நிறுவனமோ, அதற்கும் மேலே அவர்களுக்கு இணைப்புத் தருகிறவர்களோதான் வடிகட்ட முடியும். ரூட்டரில் உள்ள அந்தத் தேர்வு சிறிய அளவிலான குறும்புகளிலிருந்து ரூட்டரின் செயலியைக் காப்பாற்றும், கம்பியைக் காப்பாற்றாது.

இவ்வளவு தரவு ஒருவனுக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் பிறருடைய கணினிகளிலிருந்து. அனுப்புநர் முகவரியில் உங்கள் ஐபியைப் பொய்யாக எழுதி, திறந்து கிடக்கும் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி சொல்வது), என்டிபி (நேரம் சொல்வது) போன்ற சேவைகளுக்குச் சிறு கேள்விகளை அனுப்புவார்கள்; பெரிய பதில் உங்கள் வாசலுக்கு வரும். டிஎன்எஸ் வழியில் ஏறத்தாழ 28 முதல் 54 மடங்கு வரையும், பழைய என்டிபி கட்டளை ஒன்றின் வழியில் 500 மடங்குக்கு மேலும் பெருகும். 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் தளத்தின் மீது நொடிக்கு 1.35 டெராபிட் கொட்டப்பட்டதும் இந்த வழியில்தான். அங்கே பயன்பட்டது மெம்கேஷ்ட் என்னும் சேவை. அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதும் பாக்கெட்டை நிறுவனங்கள் தம் எல்லையிலேயே நிறுத்த வேண்டும் என்ற பரிந்துரை 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. எல்லாரும் பின்பற்றியிருந்தால் இந்த வகைத் தாக்குதல் ஏறக்குறைய மறைந்திருக்கும்.

இனி உங்கள் பதிவுக்கு வருகிறேன். "போர்ட் ஸ்கேன்" (எந்த எண்ணுள்ள கதவு திறந்திருக்கிறது என்று தேடுவது) வரிகளைப் பார்த்து அஞ்ச வேண்டாம். பொது ஐபி முகவரி உள்ள எந்த ரூட்டரையும் உலகெங்கும் உள்ள தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தட்டிக்கொண்டே இருக்கின்றன. நிமிடத்துக்கு மூன்று தட்டல் வருவதால் 40 எம்பிபிஎஸ் பாதை அடைபடாது. ரூட்டர் தயாரிப்பவர்கள் அதற்கு "அட்டாக்" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். மகனுக்கு வந்த மிரட்டலும் பெரும்பாலும் வெற்றுப் பேச்சு. பிஜிஎம்ஐ போன்ற விளையாட்டுகளில் இருதரப்பும் நிறுவனத்தின் சர்வரோடுதான் பேசுகின்றன. எதிரே ஆடுகிறவனுக்கு உங்கள் ஐபி தெரிய வழியில்லை. ஆட்டக்காரர்களின் கருவிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசும் விளையாட்டுகளில்தான் ஐபி வெளிப்படும். வாட்ஸப்பில் இருவர் மட்டும் பேசும் அழைப்பும் பல நேரங்களில் நேரடி இணைப்புதான். பிரைவசி அமைப்பில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் சென்றால் அழைப்பில் ஐபியை மறைக்கும் தேர்வு இருக்கிறது. முகம் தெரியாதவர்களோடு பேசும் பிள்ளைகளின் கைப்பேசியில் அதைப் போட்டுவிடுவது நல்லது.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது வேறு இரண்டு செய்திகள். பிள்ளைகளின் குரல் உங்களுக்குக் கேட்கிறது, உங்களுடையது அவர்களுக்குப் போவதில்லை. வெளியிலிருந்து வெள்ளம் வந்தால் முதலில் கெடுவது நீங்கள் பெறும் பக்கம். உங்கள் வீட்டில் கெட்டிருப்பது அனுப்பும் பக்கம். அடுத்தது அந்த மின்வெட்டு. மின்சாரம் போனால் ரூட்டர் அணைவதில்லை என்கிறீர்கள். அப்படியானால் அணைந்து எழுவது எது? டிவிஆர் யுபிஎஸ்ஸில் இருக்கிறதா?

ஓர் எளிய சோதனை இருக்கிறது. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (வெளி இணைப்பு) பகுதியில் அனுப்பியது, பெற்றது என்று இரண்டு எண்ணிக்கைகள் இருக்கும். இணைப்பு கெட்டிருக்கும் நேரத்தில் வீட்டில் உள்ள கைப்பேசி, தொலைக்காட்சி எல்லாவற்றின் வைஃபையையும் அணைத்துவிட்டு, பத்து நிமிட இடைவெளியில் அந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

தேயிலைச்சரிவு

இருவருக்கும் நன்றி. டிவிஆர் யுபிஎஸ்ஸில் இல்லை. தொலைக்காட்சிக்கு அடியில் நேரடியாகச் சுவரில் செருகியிருக்கிறது.

ஒளியின் அளவு மைனஸ் 25. ரூட்டருக்குப் பிங் 2 மில்லிசெகண்ட், எப்போதும் சீராக இருக்கிறது. காலை ஆறு மணிக்கு 8.8.8.8-க்கு 18 மில்லிசெகண்ட். நேற்று இரவு எட்டு மணிக்கு அதே முகவரிக்கு 1,100 மில்லிசெகண்ட்; பத்தில் மூன்று போய்ச் சேரவே இல்லை. நிறுவனத்தின் முதல் கணுவிலேயே நேரம் கூடிவிட்டது.

வகுப்பை நிறுத்திவிட்டு அந்தச் சோதனையைச் செய்தேன். மகனின் கைப்பேசி, என் கைப்பேசி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் அணைத்தோம். மடிக்கணினியை மட்டும் கம்பியில் இணைத்து, 8:10-க்கு ஒருமுறையும் 8:20-க்கு ஒருமுறையும் நோட்டில் எழுதினேன். பெற்றது 40 எம்பி கூடியிருந்தது. அனுப்பியது 2.7 ஜிபி கூடியிருந்தது. முதலில் இடம் மாற்றி எழுதிவிட்டேனோ என்று ஐயுற்று மறுபடியும் எடுத்தேன், அதே கணக்குதான். 2.7 ஜிபியை எட்டால் பெருக்கி அறுநூறு நொடிகளால் வகுத்தால் 36 எம்பிபிஎஸ் வருகிறது. வீட்டில் யாரும் எதுவும் செய்யாமல் இருந்த பத்து நிமிடத்தில் எங்கள் பதிவேற்றப் பாதை ஏறக்குறைய முழுதும் நிரம்பியிருக்கிறது.

கேமராவை ஒருவேளை அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்று கேட்டேன். அங்கே காலை நேரம், அலுவலகத்தில் இருந்தார். நான்கு நாள்களாகச் செயலியைத் திறக்கவே இல்லை என்றார். பிறகு தொலைக்காட்சிக்கு அடியில் கையை விட்டு டிவிஆரின் நீல நிற லேன் கேபிளைப் பிடுங்கினேன். அதுவரை விடாமல் படபடவென்று மின்னிக்கொண்டிருந்த பச்சை விளக்கு நின்றது. மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்த பிங் அடுத்த வரியிலேயே 19-க்கு இறங்கியது.

அப்படியானால் என்னைத் தாக்கவில்லையா? நான் யாரையாவது தாக்கிக்கொண்டிருக்கிறேனா?

கூடலூர்க்காரன்

நீங்கள் இல்லை டீச்சர், டிவிஆர். ஆனால் அடி வாங்குகிறவருக்குத் தெரிவது உங்கள் ஐபி முகவரிதான்.

நடந்தது இப்படி இருக்கக்கூடும். கேமரா பொருத்தியவர், அண்ணன் வெளியிலிருந்து பார்ப்பதற்காக, நிலையான ஐபியில் டிவிஆருக்குப் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை அதனிடம் விடும் விதி) போட்டுக் கொடுத்திருப்பார். மலிவான பல டிவிஆர்களில் அது 34567 என்ற போர்ட். சிலர் எதற்கு வம்பு என்று டிஎம்இசட்டில் போட்டு முழு டிவிஆரையும் வெளியே திறந்து வைத்துவிடுவார்கள். உங்கள் பதிவில் வரும் தட்டல்கள் தேடுவது இத்தகைய கதவுகளைத்தான். 2016-இல் வெளிப்பட்ட மிராய் என்னும் நிரல், தயாரிப்பாளர்கள் வைத்த அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் இணைகளை மட்டும் வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் வசப்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மீது இத்தகைய கருவிகளைத் திருப்பிவிட்டதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்கள் பலருக்கும் திறக்கவில்லை. இத்தனைக்கும் மிராயை எழுதியவர்கள் அமெரிக்க இளைஞர்கள் மூவர். மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கு சர்வர் நடத்துவோரிடையே இருந்த போட்டியோடு அந்தக் கதை பின்னிக்கிடக்கிறது. நிரலின் மூலத்தை அவர்களே வெளியிட்டுவிட்டதால் அதன் வழித்தோன்றல்கள் இன்றும் உலவுகின்றன.

மிராய் தன்னைச் சேமிப்பகத்தில் எழுதிக்கொள்வதில்லை. நினைவகத்தில் மட்டும் வாழும். மின்சாரம் போனால் அது அழிந்துவிடும். கருவி மீண்டும் எழுந்து, கதவு திறந்தே இருப்பதால், அடுத்த தட்டலில் மறுபடியும் வசப்படும். உங்களுக்கு மின்வெட்டுக்குப் பின் சிறிது நேரம் நிம்மதி கிடைத்ததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். மாலையில் மட்டும் கெடுகிறது என்று தோன்றுவதற்குக் காரணம், பகலில் நீங்கள் பள்ளியில் இருக்கிறீர்கள், மகனும் பள்ளியில் இருக்கிறான், யாரும் கவனிக்கவில்லை.

பதிவேற்றம் அடைபட்டால் பதிவிறக்கமும் ஏன் மந்தமாகிறது என்றால், இணையப் பக்கம் ஒன்றைப் பெறும்போதுகூட, "இதுவரை வந்து சேர்ந்தது" என்று உங்கள் கணினி சிறு ஒப்புகைகளை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவை டிவிஆரின் குப்பைக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன.

செய்ய வேண்டியவை. டிவிஆரின் லேன் கேபிளை இப்போதைக்குச் செருக வேண்டாம். பதிவு அது இல்லாமலே நடக்கும். ரூட்டரில் உள்ள எல்லாப் போர்ட் ஃபார்வர்டிங் விதிகளையும் டிஎம்இசட்டையும் நீக்குங்கள். யுபிஎன்பியை அணையுங்கள், இல்லையேல் டிவிஆர் தானாகவே ரூட்டரைக் கேட்டுக் கதவைத் திறந்துகொள்ளும். ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் மூடுங்கள். டிவிஆரைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்து, தயாரிப்பாளர் புதிய ஃபர்ம்வேர் (கருவியின் உள் நிரல்) தந்திருந்தால் அதை ஏற்றி, பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஆனால் அந்த மாற்றத்தை மட்டும் நம்ப வேண்டாம். மெனுவில் மாற்றும் கடவுச்சொல் ஒன்று, உள்ளே டெல்நெட்டுக்காக (தொலைவிலிருந்து கட்டளையிடும் வழி) தயாரிப்பாளர் பதித்து வைத்தது வேறொன்று என்ற நிலை இவ்வகைக் கருவிகளில் இருந்திருக்கிறது. இரண்டாவதை நம்மால் மாற்றவே முடியாது. எனவே மறுபடியும் இணைக்கும்போது டிவிஆரின் வலையமைப்பு அமைப்பில் கேட்வே (வெளியே போகும் வாசல்) முகவரியைத் தவறாகக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் தெரியும், வெளியே போக அதற்கு வழி தெரியாது.

அண்ணன் பார்ப்பதற்கு வயர்கார்டு போன்ற விபிஎன் (மறையாக்கிய தனி வழி) ஒன்றை ரூட்டரிலோ, ரூட்டரில் இடமில்லையென்றால் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியிலோ அமைக்கலாம். சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது என்பதால், தட்டுகிறவனுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. கேட்வேயை மாற்றியிருப்பதால், விபிஎன் வழியாக வருவோருக்கு வீட்டுக்குள் உள்ள முகவரி கிடைக்கும்படி அமைத்தால்தான் டிவிஆர் பதில் சொல்லும். அமைப்பவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

வட்டக்கானல் வாசி

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். டீச்சர் வீட்டுக் கதை டிவிஆரோடு முடிந்தது மகிழ்ச்சி. ஆனால் இதைப் படிப்பவர்கள், வீட்டு இணைப்பை யாரும் வெளியிலிருந்து தாக்குவதில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஊரடங்குக் காலத்தில் என் தங்கை மகன் வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியில் மைன்கிராஃப்ட் சர்வர் ஒன்றை நடத்தினான். நண்பர்கள் இணைவதற்காக 25565 போர்ட் திறந்திருந்தது. அவர்கள் அத்தனை பேருக்கும் எங்கள் வீட்டு ஐபி தெரியும். ஒருநாள் தகராறு செய்த ஒருவனை வெளியேற்றினான். பத்து நிமிடத்தில் இணைப்பு விழுந்தது. பெற்றது என்ற எண்ணிக்கை 100 எம்பிபிஎஸ் அளவுக்கு ஓடியது. வீட்டில் யாரும் எதையும் பதிவிறக்கவில்லை. எங்களுக்கு ஐயம் நீங்கியது வேறொன்றால். ஒவ்வொரு முறையும் சரியாக 300 நொடிகளில் நின்றது. வாடகைக்குத் தாக்கித் தரும் "பூட்டர்" தளங்கள் நேரத்தை இப்படித்தான் துண்டு போட்டு விற்கின்றன. கம்பி அறுந்தால் இப்படிக் கடிகாரம் பார்த்து அறுந்து கடிகாரம் பார்த்துச் சேராது.

நிறுவனத்தை அழைத்தோம். அவர்கள் எங்கள் முகவரியைக் கருந்துளைக்கு அனுப்பிவிட்டார்கள், அதாவது அந்த முகவரிக்கு வரும் அனைத்தையும் மேலேயே வீசிவிட ஏற்பாடு செய்தார்கள். தெருவில் மற்றவர்களின் இணைப்பு சீரானது. எங்களுக்கு நான்கு மணி நேரம் இணையமே இல்லை. தாக்கியவன் கேட்டதை நிறுவனமே முடித்துக் கொடுத்ததுபோல் ஆயிற்று. அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை, சிறிய நிறுவனத்திடம் அதைத் தவிர வேறு கருவி இல்லை. மறுநாள் புதிய ஐபி கொடுத்தார்கள். அன்று மாலையே மறுபடியும் விழுந்தோம். மடிக்கணினியில் டைனமிக் டிஎன்எஸ் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. நண்பர்களிடம் கொடுத்திருந்த அதே பெயர் புதிய முகவரியை உடனே காட்டிக் கொடுத்துவிட்டது. அந்தப் பெயரை நீக்கி, சர்வரை மும்பையில் ஒரு வாடகைக் கணினிக்கு மாற்றி, மீண்டும் ஐபி மாற்றிய பிறகே ஓய்ந்தது. ஐபி மாற்றுவது எளிய மருந்துதான். நிலையானது அல்லாத ஐபி உள்ளவர்களுக்குப் பல நிறுவனங்களில் ரூட்டரை அணைத்துப் போட்டாலே புதியது கிடைத்துவிடும். ஆனால் பழைய ஐபி எப்படி வெளியே போனதோ அந்த வழியை முதலில் அடைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரூட்டரின் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், நீங்கள் பலரோடு ஒரே பொது ஐபியைப் பகிர்கிறீர்கள் என்று பொருள். உங்களை மட்டும் குறிவைத்து அடிப்பது அப்போது கடினம். பகிர்கிற இன்னொருவரை அடித்தால் நீங்களும் சேர்ந்து விழுவீர்கள். ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) இருந்தால் அது இந்த மறைப்புக்கு வெளியே இருக்கும். ரூட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிரட்டுகிறவர்களுக்கும் ஒரு செய்தி: அனுமதியின்றிப் பிறர் கணினியையோ வலையமைப்பையோ பயன்படுத்தவிடாமல் தடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆவது பிரிவில் வருகிறது, கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். நாங்கள் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிந்தோம். விழுந்த நேரம், நின்ற நேரம், எண்ணிக்கைப் பக்கத்தின் படம், அந்தப் பையன் அனுப்பிய மிரட்டல் எல்லாம் கையில் இருந்ததால் எழுத எளிதாக இருந்தது.

கூடலூர்க்காரன்

டைனமிக் டிஎன்எஸ் செய்தி முக்கியமானது, நான் விட்டுவிட்டேன். டீச்சர், டிவிஆர் செயலியிலும் அப்படி ஒரு பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் வேறு கருவிகளும் தொற்றியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், 2017-இல் மத்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரத்தின் தளத்தில் கணினிக்கும் கைப்பேசிக்கும் இலவசக் கருவிகள் இருக்கின்றன.

தேயிலைச்சரிவு

பன்னிரண்டு நாள்கள் கழித்து எழுதுகிறேன்.

ரூட்டரில் டிஎம்இசட் திறந்துதான் இருந்தது. டிவிஆரின் முகவரி அதில் எழுதப்பட்டிருந்தது. டைனமிக் டிஎன்எஸ் பெயரும் இருந்தது. எல்லாவற்றையும் நீக்கினேன். புதிய ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை. எனவே கேட்வேயைத் தவறாகக் கொடுத்து வீட்டுக்குள் மட்டும் இணைத்திருக்கிறேன். என் முன்னாள் மாணவர் ஒருவர் ராஸ்பெர்ரி பையில் விபிஎன் அமைத்துக் கொடுத்தார். அது வீட்டிலிருந்து தானாக வெளியே இணைந்துகொள்ளும் வகை என்பதால் நிலையான ஐபியே தேவையில்லை என்றார். அதையும் ரத்து செய்துவிட்டோம். இப்போது வான் முகவரி 100.72 என்று தொடங்குகிறது. அண்ணன் டொரண்டோவிலிருந்து நான்கு கேமராக்களையும் பார்த்துவிட்டு, முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்றார். பதிவேற்றம் காலியாக இருப்பதால் தெளிவாகத்தானே தெரியும்.

ஆனால் கடந்த வியாழக்கிழமை மழைக்குப் பின் இணைப்பு மறுபடியும் விழுந்தது. உள்ளம் பதைத்துப்போய் முதலில் அனுப்பியது, பெற்றது எண்ணிக்கைகளைத்தான் பார்த்தேன், இரண்டும் அசையவில்லை. பிறகுதான் குன்னூர் ஐயா சொன்ன எண் நினைவுக்கு வந்தது. மைனஸ் 25 ஆக இருந்தது மைனஸ் 29 ஆகியிருந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னியது. இந்த முறை நிறுவனத்திடம், "நெட் வரவில்லை" என்று சொல்லாமல் அந்த இரண்டு எண்களையும் சொன்னேன். மறுநாள் காலை லைன்மேன் வந்தார். எங்கள் வளைவுக்குக் கீழே உள்ள மின்கம்பத்தில், கிளை விழுந்து இழுத்ததில் ஃபைபர் கிளாம்புக்குள் மடங்கி நின்றிருந்தது. பழைய ஜாயிண்ட்டையும் வெட்டிப் புதிதாகப் போட்டார். இப்போது மைனஸ் 20.

பழைய லைன்மேன், குன்னூர்

மைனஸ் 25 என்று நீங்கள் அன்று எழுதியபோதே அந்த ஜாயிண்ட்டைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும், அம்மா. டிவிஆர் கதையில் நானும் மறந்துவிட்டேன்.